செயற்கைப் புல் விரிக்கும் முன்

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில், உறுதிபூசுதல் விழாவை முன்னிட்டு ஒரு பங்கிற்குச் சென்றிருந்தோம். திருப்பலி முடிந்து, விருந்துக்குச் சற்று நேரமிருந்த வேளையில், பங்குத்தந்தை நம்மைக் கோயிலை அடுத்துள்ள பள்ளி வளாகத்திற்கு அழைத்துச் சென்றார். வளாகத்தின் மேற்கு மூலையில் கண்ணைப் பறிக்கும் பசுமையில் ஒரு சிறு மைதானம். சுற்றிலும் உயர்ந்த வலை. நான்கு மூலையிலும் விளக்குக் கம்பங்கள். பங்கின் பொன்விழா நினைவாக, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பணிபுரியும் பங்கு மக்கள் அனுப்பிய நன்கொடையால் அமைந்த செயற்கைப் புல்தரை அது. அப்போது மணி பன்னிரண்டரை. புல்லைக் கண்ட மகிழ்ச்சியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்த நாம், வைத்த வேகத்திலேயே எடுத்துக்கொண்டோம்.

அருகில் நின்ற தலைமையாசிரியை அருட்சகோதரி நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "வெயில் காலத்தில் காலை பத்து மணிக்கே பூட்டிவிடுகிறோம், ஐயா. மாலை நாலரைக்கு மேல்தான் திறக்க முடிகிறது. முந்திய ஆண்டு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கு உள்ளங்காலில் கொப்புளம் கண்டுவிட்டது" என்றார். பள்ளி நடைபெறும் நேரமோ ஒன்பதரை முதல் நாலேகால் வரை. மாலையானதும் மின்கட்டணத்திற்கும் பராமரிப்புக்கும் வேண்டிய பணத்திற்காக அத்தரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுகிறது. பத்துப் பேர் சேர்ந்து பணம் போடக்கூடிய வாலிபர்கள் வந்து ஆடுகின்றனர். வாடகை கொடுக்க இயலாத பங்குப் பிள்ளைகள் வலைக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கின்றனர்.

பொன்விழா நிதியில் இன்னும் ஒரு தொகை மீதமிருந்தது. எஞ்சிய மைதானம் முழுவதையும் இவ்வாறே பசுமையாக்கிவிடுவதா என்பதே அடுத்து கூடவிருந்த பங்குப் பேரவையின் முன் நின்ற கேள்வி. "நீங்கள் நாலு இடம் போய்வருகிறவர்கள். விசாரித்து ஏதேனும் எழுதுங்கள்" என்று பங்குத்தந்தை கேட்டுக்கொண்டார். மைதானம் அமைப்போர், ஹாக்கி பயிற்றுநர், கால்நடை மருத்துவர் எனப் பலரிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை ஈண்டுத் தருகிறோம். மொட்டை மாடியிலும் பால்கனியிலும் பச்சை விரிப்பு இட எண்ணும் நம் குடும்பங்களுக்கும் இது பயன்படக்கூடும்.

ஹூஸ்டனில் செத்த புல்

செயற்கைப் புல் புகழ்பெற்றது ஓர் உண்மைப் புல்லின் சாவினால் என்றால் வியப்பாயிருக்கும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில், 1965 ஆம் ஆண்டு 'ஆஸ்ட்ரோடோம்' என்னும் பேரரங்கம் திறக்கப்பட்டது. பேஸ்பால் ஆட்டத்திற்கென முழுவதும் கூரையிட்டு எழுப்பிய அரங்கம் அது. கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகளைப் பதித்து, உள்ளே உயிருள்ள புல்லையே வளர்த்தனர். அந்தப் புல்லும் நமக்கு அந்நியமானதன்று. நம் வயல் வரப்பில் படரும் அருகம்புல்லின் இனத்தைச் சேர்ந்த கலப்பின வகையே.

ஆனால் உயர எழும் பந்தைப் பார்க்க இயலாதபடி கூரையின் ஒளி ஆட்டக்காரரின் கண்ணைக் கூசச் செய்தது. அவர்கள் முறையிடவே, பலகைகளுக்கு வெண்ணிற வண்ணம் பூசினர். கண் கூச்சம் நின்றது. கூடவே வெயிலும் நின்றது. வெயிலின்றி அருகு பிழைக்குமோ? பட்டுப்போயிற்று. அவ்வாண்டின் எஞ்சிய ஆட்டங்களைக் காய்ந்த தரைக்குப் பச்சை வண்ணம் அடித்து ஒருவாறு ஒப்பேற்றினர். 1966 இல் மொன்சான்டோ நிறுவனம் உருவாக்கியிருந்த நைலான் விரிப்பைக் கொண்டுவந்து இட்டனர். 'கெம்கிராஸ்' என்றிருந்த அதன் பெயர் அரங்கின் பெயரை ஒட்டி 'ஆஸ்ட்ரோடர்ஃப்' ஆயிற்று.

இக்கதையை விரித்துச் சொல்வதற்குக் காரணமுண்டு. வெயில் புகாத கூரையின் கீழ்ப் பெயர் வாங்கிய பொருளை, வெயிலுக்குக் குறைவேயில்லாத நம் ஊர்களில் நாம் விரித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் நாட்டவர்க்கு ஆஸ்ட்ரோடர்ஃப் என்னும் சொல் மனவேதனையோடுதான் அறிமுகமாயிற்று. 1928 முதல் 1972 வரை ஒலிம்பிக் ஹாக்கியில் ஒருமுறையேனும் பதக்கமின்றித் திரும்பாத இந்திய அணி, 1976 இல் மான்ட்ரியல் நகரில் ஏழாம் இடத்திற்கு இறங்கியது. ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில் நடந்தது அதுவே முதல் தடவை. முந்திய ஆண்டுதான் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்று வந்திருந்தோம்! பந்தைக் கோலோடு ஒட்டவைத்து நெளிந்து நெளிந்து முன்னேறும் நம் ஆட்டக்கலை, பந்து விரைந்து ஓடும் சமதரையில் எடுபடவில்லை. 1980 இல் மாஸ்கோவில், தமிழகத்தைச் சேர்ந்த வி. பாஸ்கரனின் தலைமையில் தங்கம் வென்றோம். பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அடுத்த ஹாக்கிப் பதக்கத்திற்கு 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் வரை காத்திருந்தோம். தரை ஒன்றே இதற்குக் காரணமென்று சொல்வதற்கில்லை. எனினும், விலையுயர்ந்த தரை சில நகரங்களில் மட்டும் இருக்க, ஊர்ப்புறப் பிள்ளைகள் மண்ணில் பயின்று செயற்கைத் தரையில் தோற்றனர் என்பதை மறுப்பதற்குமில்லை.

எனவே ஹாக்கி பயிற்றுவிக்கும் ஊருக்குச் செயற்கைத் தரை ஆடம்பரப் பொருளன்று. சென்னை எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் இருப்பதும், ஹாக்கியையே மூச்சாகக் கொண்ட கோவில்பட்டியில் அத்தகைய தரை அமைந்ததும் தேவையின் பொருட்டே. 2023 இல் எழும்பூரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 4க்கு 3 என்று நம் அணி வென்றதைப் பலர் நேரிலேயே கண்டிருப்பீர்கள்.

பெயர் ஒன்று, தரை வேறு

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். 'டர்ஃப்' என்ற ஒரே பெயரில் விற்கப்படும் விரிப்புகள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. சொல்லப்போனால் அந்தச் சொல்லே தலைகீழாகிவிட்டது. கிரிக்கெட் ஆடிய நம் தலைமுறைக்கு 'டர்ஃப் விக்கெட்' என்றால் உண்மையான மண்ணும் புல்லும். அது கிடைக்காத பள்ளிகளில் தென்னை நாரினால் நெய்த விரிப்பை ஆணியடித்து இறுக்கி ஆடினோம். இன்றைய பிள்ளைகள் 'டர்ஃபுக்குப் போகிறோம்' என்று சொன்னால் அது பிளாஸ்டிக்.

ஹாக்கித் தரையின் இழை குட்டையானது, நெருக்கமானது. உயர்நிலைப் போட்டிகளுக்கான தரையை ஆட்டத்திற்குமுன் நீரால் நனைப்பார்கள். 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உள்ள பரப்பை நனைக்க ஆயிரக்கணக்கான லிட்டர் நீர் வேண்டும். குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கும் ஊரில் இதைப் பற்றி இருமுறை எண்ணவேண்டும். மணல் நிரப்பிய வகைத் தரைக்கு அவ்வளவு நீர் தேவையில்லை. பள்ளிப் பயிற்சிக்கு அது போதும் என்கின்றனர் பயிற்றுநர்.

காற்பந்துக்கானது வேறு. 50 முதல் 60 மில்லிமீட்டர் வரை நீண்ட பாலிஎத்திலீன் இழைகள். அவற்றின் இடையே அடியில் மணலும் மேலே ரப்பர் துகளும் நிரப்பப்படும். இந்த நிரப்புத்தான் இழையை நிமிர்த்தி வைத்து, விழுகிறவனைத் தாங்குகிறது. அந்தக் கரிய துகள் பெரும்பாலும் பழைய வாகன டயர்களை அரைத்துச் செய்தது. நிரப்பைக் குறைத்து விலையைக் குறைக்கும் ஒப்பந்தக்காரர் உண்டு. அத்தகைய தரையில் விழுந்தால் முழங்காலின் தோல் உராய்ந்து தீப்பட்டதுபோல் எரியும். கால் தரையில் பற்றிக்கொண்டு உடல் முன்னே செல்லும்போது பெருவிரல் மூட்டு பின்னோக்கி மடங்கிப் பிசகும். இதற்கு 'டர்ஃப் டோ' என்று மருத்துவத்தில் தனிப்பெயரே வந்துவிட்டது.

பெரிய ஆட்டக்காரரே இத்தரையை மனமுவந்து ஏற்கவில்லை. 2015 இல் கனடாவில் நடந்த மகளிர் உலகக் கோப்பைக் காற்பந்துப் போட்டிகள் முழுவதும் செயற்கைத் தரையிலேயே நடத்தப்பட்டன. ஆடவர் உலகக் கோப்பைக்குப் புல், மகளிருக்குப் பிளாஸ்டிக்கா என்று கேட்டு, முன்னணி வீராங்கனைகள் 2014 இல் ஒன்டாரியோ மாநில மனித உரிமைத் தீர்ப்பாயத்தை நாடினர். காலம் போதாமையால் 2015 சனவரியில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அத்தரையிலேயே ஆடினர். 2026 ஆம் ஆண்டின் ஆடவர் உலகக் கோப்பைக்கோ, செயற்கைத் தரை கொண்ட அமெரிக்க அரங்குகளிலும் இயற்கைப் புல்லைக் கொணர்ந்து பதிக்கவேண்டும் என்பது விதியாயிற்று. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்த வீராங்கனைகளின் கேள்வி இன்னும் கூர்மையாகவே கேட்கிறது.

பன்னிரண்டரை மணி வெயில்

இனி, நம் பாதம் சுட்ட விஷயத்திற்கு வருவோம். உயிருள்ள புல் தன் இலைகளின் வழியே நீரை ஆவியாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. நம் உடல் வியர்த்துக் குளிர்வதுபோலத் தரையும் குளிர்கிறது. பிளாஸ்டிக் இழைக்கு வியர்க்கத் தெரியாது. அதனிடையே கரிய ரப்பர் துகளும் சேர்ந்துவிட்டால் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். காற்றின் வெப்பம் 35 பாகை செல்சியஸ் இருக்கும் நாளில் செயற்கைத் தரையின் மேற்பரப்பு 60 பாகையையும் தாண்டிவிடுகிறது. அக்கினி நட்சத்திர நாட்களைச் சொல்லவே வேண்டியதில்லை. நீர் தெளித்தால் குளிரும் என்பது உண்மை. ஆனால் நல்ல வெயிலில் இருபது நிமிடங்களுக்குள் பெரும்பகுதி வெப்பம் திரும்பிவிடும். குழந்தைகளின் தோல் மெல்லியது. அவர்களின் உடலும் முகமும் தரைக்கு நம்மைவிட அருகில் இருக்கின்றன. ஷூ அணியாத பிள்ளைகளும் நம் பள்ளிகளில் உள்ளனர்.

இதற்கு மாற்றே இல்லையா? சில உண்டு. கரிய ரப்பருக்குப் பதிலாகத் தென்னை நாரும் தக்கையும் கலந்த நிரப்பை மேல்நாடுகளில் பயன்படுத்துகின்றனர். அது ஈரத்தைப் பிடித்து வைத்து வெப்பத்தைக் குறைக்கும். அடிக்கடி நனைக்கவும் வேண்டும். வெளிர்நிற மணல் நிரப்பும் ஓரளவு உதவும். எல்லாவற்றினும் மேலானது நிழல். மரத்தை வெட்டிவிட்டுப் பச்சை விரிப்பு இடுவோரைக் காணும்போது நமக்கு என்ன சொல்வதென்றே தெரிவதில்லை. நாம் சென்ற பங்கிலும் அம்மூலையில் முன்பு பூவரச மரங்கள் நின்றனவாம்.

வீட்டுக்கு வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டிற்கு வாங்குகிறவர்களுக்கு முதல் வார்த்தை: கடையின் குளிர்ந்த அறையில் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓர் அடி நீள அகலத்தில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். கொடுக்க மறுக்கும் கடையை விட்டுவிடுங்கள். அத்துண்டை மொட்டை மாடியில் பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை வைத்துவிட்டு, மணிக்கட்டின் உட்புறத்தால் தொட்டுப் பாருங்கள். குழந்தையின் பால் சூட்டைப் பார்ப்பதும் அவ்விடத்தால்தானே. பிறகு துண்டை உள்ளங்கையால் அழுத்தி விடுங்கள். நல்ல இழை எழுந்து நிற்கும். மட்டமானது படுத்தே கிடக்கும். ஒரு கொத்து இழையைப் பிடித்து இழுத்தால் கையோடு வரலாகாது. ஒரு டம்ளர் நீரை ஊற்றினால் அடியிலுள்ள துளைகள் வழியே உடனே இறங்க வேண்டும். 'வெயிலில் நிறம் மங்காது, இழை நொறுங்காது' என்பதற்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஈயம் கலவாதது என்னும் சான்றையும் கேளுங்கள். 2008 இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சில நைலான் மைதானங்களின் இழையில் ஈயம் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டு, அவை மூடப்பட்டன. நிறத்திற்காகச் சேர்த்த வண்ணப்பொருளே காரணம். தவழும் குழந்தையுள்ள வீட்டில் இது சிறிய விஷயமன்று.

இழை நீளமாயிருந்தால் அழகு என்று எண்ணுவோர் பலர். நடமாட்டம் மிகுந்த இடத்தில் நீண்ட இழை விரைவில் படுத்துவிடும். மாடிக்கும் பால்கனிக்கும் 25 முதல் 35 மில்லிமீட்டர் போதும்.

மாடியில் விரிக்குமுன் தளத்தில் நீர்க்கசிவு உண்டா என்று பார்த்து முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். விரிப்பு முழுவதையும் பசையிட்டு ஒட்டிவிட்டால், வடகிழக்குப் பருவமழையில் எங்கே ஒழுகுகிறது என்று தேடமுடியாது. கீழ் வீட்டார் வந்து சொன்ன பிறகுதான் தெரியும். ஓரங்களை மட்டும் இருபுறமும் ஒட்டும் நாடாவால் பொருத்தி, நடுவில் எடுத்துப் பார்க்கத்தக்கதாய் விடுவதே நன்று. நீர் ஓடுவதற்கு அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டுகளை இடலாம். இன்றேல் தேங்கும் ஈரத்தில் பாசியும் கொசுவும் குடியேறும். மண் தரையானால் 10 முதல் 15 சென்டிமீட்டர் தோண்டி, உடைகல் பரப்பி இறுக்கி, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிவு கொடுத்து, அதன்மேல் விரிக்க வேண்டும். இரண்டு துண்டுகளை இணைக்கும்போது இழைகள் ஒரே திசையில் சாய்ந்திருக்கட்டும். தவறினால் இரண்டு வேறு நிறம்போல் தோன்றும்.

நெருப்பை இதனருகே கொண்டுவரலாகாது. தீபாவளிப் பொறி ஒன்று போதும், என்றும் அழியாத வடு விழும். கிறிஸ்மஸ் குடிலுக்குக் கேழ்வரகு விதைத்து, பத்துப் பதினைந்து நாள் நீர் தெளித்து, விழாவிற்குள் பயிர் எழும்புமா என்று பிள்ளைகள் தினமும் எட்டிப்பார்த்த வழக்கம் பல வீடுகளில் மறைந்து, கடையில் வாங்கிய பச்சை விரிப்பு வந்துவிட்டது. வேலை மிச்சம்தான், குறை சொல்ல நமக்கு உரிமையில்லை, நம் வீட்டிலும் அப்படியே. ஆனால் பிளாஸ்டிக் புல்மேல் மெழுகுதிரியை ஏற்றி வைத்துவிட்டு நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படாதீர்கள். நெருப்பின்றியும் இது உருகுவதுண்டு. வெப்பந்தடுக்கும் கண்ணாடி பதித்த சன்னலிலிருந்து எதிரொளித்த வெயில் பட்டு வீட்டுப் புல்தரை உருகிய நிகழ்ச்சிகள் மேல்நாடுகளில் பல.

நாயும் பூனையும்

நாய் வளர்ப்போர் செயற்கைப் புல்லை விரும்புவதற்குக் காரணம் சேறின்மை. நாய் தோண்டியும் குழி விழாது. ஆயினும் இரண்டு மூன்று வாரங்களில் வீட்டுக்காரர் அறியவரும் செய்தி, நாற்றம். மண்ணில் விழும் சிறுநீரை நுண்ணுயிர்கள் பக்குவப்படுத்திவிடுகின்றன. பிளாஸ்டிக்கிலும் மணலிலும் அது தங்கி, அம்மோனியாவாக எழுகிறது. வெயில் படாத பால்கனியில் இது மிகுதி.

நாள்தோறும் நீர்விட்டு அலசுவதும், மலத்தை உடனே அகற்றுவதும், வாரம் ஒருமுறை நொதிகள் கலந்த கழுவுநீரைத் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு அலசுவதும் முறை. நீர் கலந்த வினிகரும் நாற்றத்தைக் குறைக்கும். நாய்க்கான இடத்தில் சாதாரண மணலுக்குப் பதில் 'ஜியோலைட்' என்னும் கனிமத் துகளை நிரப்பினால் அது அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறோம். நம் வீடுகளில் நாற்றமென்றால் பிளீச்சிங் பவுடரைத் தூவும் பழக்கம் உண்டு. சிறுநீர் தங்கிய இடத்தில் அதைத் தூவலாகாது. குளோரின் மருந்தும் அம்மோனியாவும் கூடினால் கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும் நச்சு ஆவி எழும். மூடிய பால்கனியில் இது ஆபத்து. ஃபினாயில் வகைத் திரவமும் பூனையுள்ள வீட்டிற்கு ஆகாது. பூனை தன் பாதத்தை நக்கும் இயல்புடையது. அந்நஞ்சை முறிக்கும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு.

நண்பகலில் நாயை அதன்மேல் கட்டிப்போடுவது கொடுமை. நம் புறங்கையை ஐந்தாறு விநாடி வைக்க முடியாத தரையில் நாயின் பாதமும் வேகும். குட்டி நாய் இழையைக் கடித்துப் பிடுங்கி விழுங்குவதும் உண்டு. குடலில் சிக்கினால் அறுவை மருத்துவம்வரை செல்லும். இழை உதிரும் விரிப்பை உடனே மாற்றிவிடுங்கள்.

'பராமரிப்பே வேண்டாம்'

இவ்வாக்கியத்தை விற்பனையாளர் சொல்லக் கேட்டவர்கள் அதை மறந்துவிடுக. நீர் பாய்ச்ச வேண்டாம், வெட்ட வேண்டாம் என்பவை மெய். பெருக்கவேண்டும். உதிர்ந்த இலை மழையில் நனைந்து மக்கினால் அங்கே மண் உண்டாகி, காற்றில் வந்த விதை முளைக்கும். பிளாஸ்டிக்கின் நடுவே கோரைப்புல் எழுந்து நிற்பதை நாமே கண்டோம்! சாய்ந்த இழையை எதிர்த்திசையில் கெட்டியான நைலான் தூரிகையால் வாரிவிட வேண்டும். இரும்பு வாரி கூடாது. நிரப்பு மணல் ஓரிடத்தில் குறைந்து ஓரிடத்தில் குவியும்; ஆட்டத் தரையானால் இதை வாரந்தோறும் பார்த்துச் சமன் செய்யவேண்டும். கோல் கம்பத்தின் முன்னும் மூலை உதைக்கும் இடத்திலும் முதலில் தேயும். இணைப்பு ஒரு விரல் அளவு பிரிந்தாலும் அன்றே ஒட்டிவிடுக. அதில் தடுக்கி விழுவோரே அதிகம். சூயிங் கம் ஒட்டினால் பனிக்கட்டி வைத்து உறையவிட்டுப் பெயர்க்கலாம்.

இவ்வளவு பேணினாலும் நன்கு பயன்படும் விளையாட்டுத் தரை எட்டுப் பத்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அப்போது அதை எங்கே போடுவது? இழை ஒரு பிளாஸ்டிக், அடித்துணி வேறொன்று, ஒட்டிய பசை இன்னொன்று, இடையே மணலும் ரப்பரும். பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துவது மிகக் கடினம். துகள்களோ ஆண்டு முழுவதும் ஷூவிலும் மழைநீரிலும் வெளியேறிக் கால்வாய்க்குச் செல்கின்றன. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் சட்டமியற்றி, இத்தகைய பிளாஸ்டிக், ரப்பர் துகள் நிரப்புகளின் விற்பனைக்கு 2031 அக்டோபரோடு முடிவுகட்டியுள்ளது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில் பயன்படுத்தி எறியும் பண்பாட்டைக் கண்டித்ததை நம் பங்குகளில் வாசித்துக் காட்டினோமே! பேரவைகள் விலைப்புள்ளி வாங்கும்போது, பழைய தரையைத் திரும்ப எடுத்துச் செல்லும் பொறுப்பையும் அதில் எழுதும்படி கேட்கலாம். கேட்டவுடன் விலைப்புள்ளி மாறுவதைக் காண்பீர்கள்.

பழுப்பு நிறப் புல்லைப் பற்றியும் ஒரு சொல். ஐயாயிரம் பேர் அமர்ந்து உண்ட இடத்தில் புல் மிகுந்திருந்ததை யோவானும், அது பசுமையாயிருந்ததை மாற்கும் குறிப்பிடுகின்றனர். பாஸ்கா விழா அண்மித்த வசந்த காலம் அது. அந்நாட்டில் சில வாரங்களில் அந்தப் பசுமை காய்ந்துவிடும். நம் நாட்டு அருகும் அப்படியே. சித்திரையில் பழுத்துக் கிடக்கும், சாகாது; மழை விழுந்ததும் தளிர்க்கும். ஆண்டு முழுவதும் பச்சையாயிருக்க வேண்டுமென்ற ஆசை நமக்குப் படங்களைப் பார்த்து வந்தது.

அந்தப் பங்கிற்கு நாம் எழுதியனுப்பியதும் இவையே. பேரவையில் இரண்டரை மணி நேரம் வாதம் நடந்ததாம். வெளிநாட்டு நன்கொடையாளர் சிலருக்கு வருத்தம். 'காட்டுவதற்கு ஒன்றும் இல்லையே' என்றார்களாம். இறுதியில், இட்ட தரையை அகற்றாது வைத்துக்கொள்வதென்றும், மேலும் விரிப்பதில்லை என்றும் முடிவாயிற்று. உடற்பயிற்சி வகுப்புகளைக் காலை ஒன்பதரை மணிக்கே வைத்து, ஞாயிறு மறைக்கல்விக்குப் பின் இரண்டு மணி நேரம் பங்குப் பிள்ளைகளுக்கு வாடகையின்றித் திறந்துவிடுகின்றனர். மேற்கு ஓரத்தில் எட்டுப் புங்கங்கன்றுகள் வைத்திருக்கின்றனர். எஞ்சிய மைதானத்தைக் கோடை விடுமுறையில் உழுது சமன் செய்து, ஏரிக்கரையிலிருந்து அருகம் வேர்களைக் கொணர்ந்து ஊன்றினார்கள். இளைஞர் இயக்கத்தினரும் அன்னையர் சங்கத்தினரும் முறைவைத்து நீர் ஊற்றினர்.

சென்ற மாதம் பங்குத்தந்தையிடமிருந்து மடல் வந்தது. ஐப்பசி மழைக்குப் பின் அருகு நன்றாகப் பிடித்துக்கொண்டதாம். முதல் வாரத்திலேயே பக்கத்துத் தெருப் பசுக்கள் இரண்டு வந்து பாதியை மேய்ந்துவிட்டனவாம். பிளாஸ்டிக் மைதானத்தின் பக்கம் அவை திரும்பியும் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டு, வேலி போடுவதற்கு யாரேனும் உதவுவார்களா என்று கேட்டிருக்கிறார்.